நரேந்தரை எடுத்தது நல்ல தேர்வா?

ஆழ்வார்குறிச்சியில் புரோ கபடி சீசன் தொடங்கிவிட்டால் சலூனிலும் டீக்கடையிலும் வேறு பேச்சு ஓடாது. நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சுற்றுவட்டாரத்து மின்னொளிப் போட்டிகளில் விசில் ஊதியவன் என்பதால் எந்தச் சண்டைக்கும் தீர்ப்புச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் சில வருடமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி நரேந்தர் கண்டோலா என்ற ஹரியானா பையனைப் புதுமுகமாக எடுத்தது. அது கெட்டிக்காரத்தனமா, இல்லை குருட்டு அதிர்ஷ்டமா?

அதிர்ஷ்டம் என்கிற கட்சிக்கு எங்கள் சலூன்காரர்தான் தலைவர். "பவனுக்கு மட்டும் அடிபடலன்னா இந்தப் பய பெஞ்சுலதான உக்காந்திருப்பான், அண்ணாச்சி?" என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்பார். எதிர்க்கட்சி முழுக்கக் கல்லூரிப் பையன்கள். அவர்களுக்கு வாதமே கிடையாது, எண் மட்டும்தான்: "243 சார், 243!"

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ஆகஸ்டில் மும்பையில் ஏலம். ஒரு அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் செலவழிக்க அப்போது அனுமதித்த தொகை 4.4 கோடி ரூபாய். அதில் 2.265 கோடியைத் தலைவாஸ் ஒரே ஆளுக்குக் கொடுத்தது. பவன் ஷெராவத். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கிடைக்காத விலை. அக்டோபர் 8-ம் தேதி பெங்களூரில் குஜராத் ஜயன்ட்ஸுடன் முதல் ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள் பவனின் முழங்கால் போய்விட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதோடு அந்த சீசனே அவருக்கு முடிந்தது. பணத்தில் பாதிக்கு மேல் மருத்துவ அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது என்பது இன்று யாருக்கும் நினைவில்லை.

அந்த இடத்தில்தான் நரேந்தர் வந்தார். ஏலத்தில் கூவி எடுத்த ஆள் இல்லை. 'புதிய இளம் வீரர்' என்று ஒரு வழி இருக்கிறது. புரோ கபடியில் இதுவரை ஆடாத பையன்களை ஏலத்துக்கு வெளியே, சின்னத் தொகைக்கு அணிகள் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்ந்த பையன் அந்த சீசனில் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல். முதல் சீசனில் ஒருவர் எடுத்த அதிகபட்சம் அதற்கு முன் 218. 2018-ல் யு மும்பாவுக்காக சித்தார்த் தேசாய் எடுத்தது. இடையில் பயிற்சியாளர் உதயகுமார் போய் ஆஷான் குமார் வந்தார். 2017-ல் களத்துக்கு வந்த நாளிலிருந்து பட்டியலின் அடியிலேயே கிடந்த அணி ஐந்தாம் இடத்துக்கு ஏறி, யு.பி. யோத்தாஸை டை-பிரேக்கரில் வென்று, முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே புனேயிடம் 37-39 என்று தோற்றது. இரண்டே புள்ளி. அந்த ராத்திரி எங்கள் தெருவில் சோறு இறங்காமல் படுத்தவர்கள் உண்டு.

இரண்டு கட்சியையும் நான் ஏற்கவில்லை. இரண்டுமே நடந்து முடிந்ததை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்கின்றன. ஒரு ஆளை எடுத்தது சரியா என்பதை, எடுத்த அன்றைக்குக் கையில் என்ன விவரம் இருந்தது, என்ன விலை கொடுத்தார்கள், அவன் சோபிக்காமல் போயிருந்தால் என்ன நஷ்டம் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நஞ்சையில் நாற்றுப் பாவியவனைக் கார்த்திகை வெள்ளத்தை வைத்து ஏசக்கூடாது. எந்த நெல்லை, எந்தப் பட்டத்தில், எத்தனை ஏக்கருக்குப் பாவினான் என்று கேட்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் பவனை எடுத்ததுகூடத் தப்பில்லை. 2018-19 சீசனில் 271, அடுத்ததில் 346, அதற்கடுத்ததில் 304. மூன்று சீசனிலும் ரெய்டு புள்ளியில் அவர்தான் முதலிடம். ஹரியானா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 எடுத்த மனிதர். அவருக்கு இரண்டு கோடி கொடுத்தவனைக் கிறுக்கன் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. முழங்கால் போகும் என்று ஏலக்கூடத்தில் ஜோசியக்காரனா உட்கார்ந்திருந்தான்? கேட்க வேண்டிய கேள்வி வேறு. பணப்பையில் பாதிக்கு மேல் ஒரே காலை நம்பி வைக்கும்போது, அந்தக் கால் நின்றுபோனால் அடுத்து ஏறுகிறவன் யார்?

அந்தக் கேள்விக்கு அணியிடம் பதில் இருந்தது. பதிலின் பெயர்தான் நரேந்தர். அதைத் திட்டம் போட்டு வைத்திருந்தார்களா, தற்செயலாகக் கிடந்ததா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். குறைந்த விலை, இளம் உடம்பு, சோபிக்காவிட்டால் பெரிதாகப் போவது ஒன்றுமில்லை, சோபித்தால் சில வருடத்துக்குக் கையில் இருப்பான். இந்தக் கணக்கில் நரேந்தரை எடுத்தது, அவர் 43 புள்ளிகள் மட்டும் எடுத்திருந்தாலும் நல்ல தேர்வுதான். சலூன்காரருக்கு இதைச் சொன்னால், "அப்ப 43 எடுத்தாலும் 243 எடுத்தாலும் ஒண்ணுதானாவே?" என்று கேட்கிறார். ரசிகனுக்கு ஒன்றில்லை. தேர்வு செய்கிறவனுக்கு ஒன்றுதான்.

சரி, அந்த 243-க்கு என்ன மதிப்பு? இதையும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும்.

ரெய்டு என்பது முப்பது விநாடி. எதிரே ஏழு பேர் வரை. முக்கிய ரெய்டர் நாற்பது நிமிட ஆட்டத்தில் பதினைந்து இருபது தடவையாவது ஏறியாக வேண்டும். பிடிபட்ட ஒவ்வொரு தடவையும் நாலு பேர் எடை முதுகில் விழும். கரண்டைக்காலை ஒருவன் பற்றியிருப்பான், தொடையை இன்னொருவன், இடுப்பை வளைத்து மூன்றாவது ஆள். முழங்கால் ஒரு பக்கம் திரும்ப, உடம்பு இன்னொரு பக்கம் திரும்பும். கார்னரில் நின்று ரெய்டரைப் பிடிக்கிறவனுக்கு வயது ஏற ஏற மூளை வேலை செய்யும். முப்பத்தைந்தைத் தாண்டியும் நிற்கலாம். ரெய்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவனுடைய நல்ல வருடங்கள் முன்னாலேயே வந்துவிடும்.

புதுப் பையனுக்கு இன்னொரு சாதகம் உண்டு. அவன் எப்படி ஆடுவான் என்று எவனுக்கும் தெரியாது. வலப்பக்கம் போய்த் திரும்புவானா, போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டிவிட்டு ஓடுவானா, கையை நீட்டித் தொடுவானா, பின்காலால் உதைப்பானா, ஒன்றும் தெரியாது. ஒரு சீசன் முடிந்த பிறகு எல்லா அணியின் பயிற்சியாளரிடமும் அவனுடைய ஒவ்வொரு ரெய்டும் வீடியோவாக இருக்கும். எந்தக் காலை முன்வைத்து ஏறுகிறான் என்று கார்னர்காரன் தூக்கத்தில்கூடச் சொல்வான். ஆகவே முதல் வருடம் அள்ளிக் கொட்டியவன் அடுத்த வருடம் சற்றே இறங்கினால் அது வியாதி இல்லை, இயல்பு. நரேந்தர் அடுத்த இரண்டு சீசனிலும் 243-ஐ மறுபடி தொடவில்லை. உடனே "ஒரு வருஷத்துப் பய" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இங்கே இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் அந்த சித்தார்த் தேசாய். முதல் சீசனில் 218. உடனே 2019 ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 1.45 கோடிக்குத் தூக்கியது. அந்த வருட ஏலத்தில் அதுதான் பெரிய விலை. அவரும் ஏமாற்றவில்லை, 217 எடுத்தார். ஆனால் அணி மேலே வரவில்லை. அடுத்த சீசனில் காயம் அவரை உட்கார வைத்துவிட்டது. ஒரு ஆளின் புள்ளியை விலைக்கு வாங்கலாம். அந்தப் புள்ளி வெற்றியாக மாறுவதற்கு வேண்டிய மற்ற ஆறு பேரை அதே விலையில் வாங்க முடியாது.

இன்னொருவர் நவீன் குமார். 2018-ல் தபாங் டெல்லி எடுத்த புதுப் பையன். முதல் சீசனில் 200-ஐத் தொடவில்லை. நம்ம ஆட்கள் அப்போது பார்த்திருந்தால் "தேறமாட்டான்" என்று எழுதியிருப்பார்கள். அடுத்த சீசனில் 300-ஐத் தாண்டினார், தொடர்ந்து 21 ஆட்டங்களில் பத்துக்குக் குறையாமல் எடுத்தார். அதற்கடுத்த சீசனில் டெல்லி கோப்பையை வென்றது. அந்த வருடம் நவீனுக்கு நடுவில் காயம் பட்டது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. அவர் இல்லாத ஆட்டங்களில் விஜய் மாலிக் ஏறினார். பின்னால் மஞ்சீத் சில்லர், ஜோகிந்தர் நர்வால், நம்ம தமிழ்நாட்டு ஜீவா குமார் என்று பழுத்த ஆட்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2022 பிப்ரவரி 25-ம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் பாட்னாவை 37-36 என்று வென்றார்கள். அன்றைக்கு அதிகப் புள்ளி எடுத்தது நவீன் இல்லை, விஜய். புதுப் பையனை எடுத்தது நல்ல தேர்வு என்று நிரூபித்தது அந்தப் பையன் மட்டுமில்லை. அவனைச் சுற்றி அணியைக் கட்டியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இதே வழக்கு அமெரிக்காவிலும் நடக்கிறது என்று என்னிடம் படித்த பையன் ஒருவன் நியூஜெர்சியிலிருந்து பேசும்போது சொன்னான். அவர்களுடைய ஃபுட்பாலில் ஏலம் கிடையாது. போன வருடம் கடைசியில் நின்ற அணிக்குப் புது ஆட்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை, அதற்கு மேல் நின்றவனுக்கு இரண்டாவது, இப்படி வரிசை. 'ரன்னிங் பேக்' என்று ஒரு இடம்; பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரே திரண்டு வருகிறவர்களுக்குள் புகுந்து ஓடுகிற ஆள். கேட்டவுடனே எனக்கு நம்ம ரெய்டர் ஞாபகம்தான் வந்தது. அடி அதிகம், ஆயுள் குறைவு. 2018-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி (பெயர்தான் நியூயார்க், ஆடுவது நியூஜெர்சியில், நம்ம தலைவாஸ் அந்த 2022-ல் சென்னையில் ஒரு ஆட்டம்கூட ஆடாதது மாதிரி) இரண்டாவது ஆளைப் பொறுக்கும் உரிமையை சேக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக்குக்குச் செலவழித்தது. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது அவருக்கே கிடைத்தது. ஆனால் அணி தேறவில்லை. 2020-ல் அவருக்கு முழங்கால் போனது. இத்தனை உயர்ந்த இடத்தை இத்தனை சீக்கிரம் தேய்கிற வேலைக்கு வீணடித்துவிட்டார்கள் என்று அங்கேயும் பெரிய ரகளை. 2024-ல் பார்க்லி பக்கத்து ஊர் பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார். அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார், அணி சாம்பியன் ஆனது.

ஆள் ஒருவரே. ஒரு அணியில் தப்பான தேர்வாகத் தெரிந்தார், இன்னொரு அணியில் தங்கமாகத் தெரிந்தார். ஜயன்ட்ஸ் செய்த தப்பு பார்க்லியைப் பிடித்ததில் இல்லை. அவருக்கு வழி திறந்துவிட முன்னால் நிற்கிற ஆட்கள் பலவீனமாக இருக்கும்போது, இருந்த பெரிய வாய்ப்பை ஓடுகிறவனுக்குக் கொடுத்ததில் இருக்கிறது.

நம்ம நரேந்தர் விஷயம் இதற்கு நேர் தலைகீழ். தேர்வு மலிவு, ஆள் நல்லவன். சொதப்பியது அதற்குப் பிறகு. 2022-ல் ஐந்தாம் இடம். அடுத்த சீசனில் ஒன்பதாம் இடம். 2024 ஏலத்தில் மறுபடியும் ஒரு பெரிய பெயருக்கு, சச்சின் தன்வருக்கு, 2.15 கோடி. அந்த வருட ஏலத்திலேயே உச்ச விலை. மறுபடியும் ஒன்பதாம் இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி, பழைய பவனுக்கு 59.5 லட்சம். பவனோடு அந்த இரண்டாவது உறவும் சில ஆட்டங்களிலேயே முடிந்துபோனது. சச்சினையோ அர்ஜுனையோ நான் குறை சொல்லவில்லை, அருமையான ஆட்டக்காரர்கள். ஆனால் தெரிந்த பெயரைப் பெரிய விலைக்கு எடுப்பதற்குத் தைரியம் வேண்டாம், செக் புத்தகம் போதும். 2022-ல் செய்ததுபோல யாருக்கும் தெரியாத ஒருவனை ஓரமாக எடுத்து வைப்பதுதான் வித்தை. அந்த வித்தை தனக்குத் தெரியும் என்று ஒரு தடவை காட்டிய அணி, அதைவிட்டுவிட்டு விலை உயர்ந்த பெயர்களின் பின்னாலேயே ஓடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

இந்த இடத்தில் டீக்கடையில் கட்டாயம் ஒரு குரல் எழும்: "பேரு மட்டும் தமிழ், ஆளுவ எல்லாம் ஹரியானாக்காரன்." உண்மை இருக்கிறது. பவனுக்கு முழங்கால் போன அந்த ஆட்டத்தில் எதிரணி கேப்டன் யார் தெரியுமா? சந்திரன் ரஞ்சித். தமிழ்நாட்டு ரெய்டர், குஜராத்துக்குத் தலைவன். வருத்தப்படத்தான் செய்கிறோம். ஆனாலும் தமிழ்ப் பையன் இத்தனை பேர் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் போடச் சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. சட்டத்தால் உள்ளே வந்தவனைப் பெஞ்சில் உட்கார வைப்பது சுலபம். ஹரியானாவில் ஒரு பையன் பதினாறு வயதில் மேட் விரிப்பில் ஆட ஆரம்பித்தால், அவனை மாவட்டம், மாநிலம், பல்கலைக்கழகம், துறை அணி என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தேர்வுக்காரனிடம் அவனைப் பற்றி விவரம் இருக்கிறது. எங்கள் பையனைப் பற்றி இருப்பது என்ன? 'நல்லா ஆடுவான் சார்' என்ற ஒரு வாக்கியம்.

திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று அர்ஜுனா விருது வாங்கினார். அவர் வாழ்க்கையிலிருந்து பிறந்த 'பைசன்' படத்தை 2025 தீபாவளிக்கு எல்லோரும் தியேட்டரில் பார்த்தோம். அதே மாதத்தில் பஹ்ரைனில் நடந்த இளையோர் ஆசியப் போட்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா தங்கத்தோடு திரும்பினார்.

எங்கள் பக்கத்து மின்னொளிப் போட்டியில் ஒரு ரெய்டரை நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். கோயில் கொடையை ஒட்டி அறுவடை முடிந்த வயலில் களம் போட்டிருப்பார்கள். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து மிதித்த தரை. சுண்ணாம்புக் கோடு. முதல் பரிசு ஒரு தொகையும் சுழற்கோப்பையும். போன வருடம் சிவசைலம் பக்கத்தில் அப்படி ஒரு போட்டி. உள்ளூர் அணிக்காகப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஆடினான். கொத்தனாருக்குக் கையாள் வேலை பார்க்கிறவன். விரல் இடுக்கில் சிமென்ட் வெடிப்பு. எதிரே இடது கார்னரில் வயதான ஆட்டக்காரர் ஒருவர், நாலு விரலுக்கும் டேப் சுற்றியிருந்தார். ஊர் முழுக்க அந்தப் பையன் எத்தனை ஆளைத் தொட்டான் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தது. நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறுவதற்கு முன்னால் அவன் போனஸ் கோட்டைப் பார்த்தான். இரண்டாம் பாதிக்குள் சுண்ணாம்பு அழிந்து, கோடு எது மண் எது என்று நடுவருக்கே தெரியாத நிலை. எதிரே ஆறு பேர். முன்காலைக் கோட்டுக்கு அப்பால் வைத்து, பின்காலைத் தரையில் படாமல் தூக்கினால்தான் போனஸ். கோடு அழிந்த இடத்தில் அதற்குப் போனால் சண்டைதான் வரும், புள்ளி வராது. பையன் நேரே இரண்டடி வலப்பக்கம் நகர்ந்தான், கோடு இன்னும் வெள்ளையாகத் தெரிந்த இடத்துக்கு. அங்கே காலை நீட்டினான். டேப் சுற்றிய மனிதர் கரண்டைக்காலுக்குப் பாய்ந்தார். பையன் பதறவில்லை. பிடி விழுந்த காலை இழுக்காமல் அந்தப் பக்கமே உடம்பைச் சாய்த்து, மறுகாலில் ஊன்றி, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். கூட்டம் கத்தியது. நான் நோட்டில் எழுதினேன்: 'கோட்டைப் பார்க்கிறான். திரும்பி வரத் தெரியும்.'

எனக்கு ரெய்டர் என்றால் முதலில் திரும்பி வருகிறவன். தொட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறவன் ஊருக்குத்தான் நாயகன். எதிரே ஏழு பேர் முழுசாக நிற்கும்போது என்ன செய்கிறான், மூன்று பேர் மிச்சம் இருக்கும்போது என்ன செய்கிறான் என்று தனித்தனியாகக் குறிப்பேன். மூன்று பேர் இருக்கும்போது ஆசைப்பட்டு உள்ளே போய்ப் பிடிபட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஒன்றுமில்லாமல் வெறுங்கையோடு திரும்புவதும் சில நேரம் நல்ல ரெய்டு. அதைக் கைதட்டி ரசிக்கிற கூட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த ராத்திரி மூன்றாவது ஆட்டம் தொடங்கும்போது விடிய ஒன்றிரண்டு மணி நேரம்தான் இருந்தது. பையனின் வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. ஏறுகிற வேகம் பாதி. கமிட்டிக்காரர் ஒருவரிடம் போய், "அவன உக்கார வைங்க" என்றேன். "சார், இவன விட்டா வேற யாரு சார் இருக்கா?" என்றார். வேறு யார் இருக்கிறார்கள் என்பதைப் போட்டி நடக்கும் ராத்திரியில் கேட்கக்கூடாது. ஆளெடுக்கும் அன்றைக்கே கேட்க வேண்டும்.

நரேந்தர் வழக்கில் என் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: எடுத்தது சரி, அதற்குப் பிறகு அவனைப் போல இன்னொருவனை ஓரமாக எடுத்து வைக்காமல் பெரிய பெயர்களின் பின்னால் ஓடியது சரியில்லை. தலைவாஸ் நிர்வாகம் எங்கள் சொல்லைக் கேட்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் எங்கள் கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் விருந்தினர் சால்வைக்கும் செலவழிக்கிறீர்கள். அதோடு ஒரு நீள நோட்டு வாங்கி, பள்ளிக்கூடப் பையன் ஒருவனை நடுக்கோட்டுக்கு நேரே உட்கார வையுங்கள். யார் எத்தனை தடவை ஏறினான், எத்தனை தடவை திரும்பினான், எதிரே எத்தனை பேர் நின்றபோது, எத்தனை மணிக்கு, இவ்வளவு போதும். ஒரு செல்போனை மூங்கில்கழியில் கட்டி ஆட்டத்தைப் பிடித்து வையுங்கள். ஒரு ராத்திரியில் ஒரு பையனை இரண்டு ஆட்டத்துக்கு மேல் முழுதாக இறக்காதீர்கள். நாளைக்கு எவனாவது ஒரு தேர்வுக்காரன் கடையம் பக்கமோ அம்பாசமுத்திரம் பக்கமோ வந்து "இங்க நல்ல ரெய்டர் இருக்கானா?" என்று கேட்டால், அந்த நோட்டை எடுத்து அவன் கையில் கொடுங்கள்.